சமாளிச்சது யாரு?

கேள்வி: கொரோனா ஊரடங்குல ஆறு மாசம் வேலைக்காரம்மா இல்லாமலே சமாளிச்சோம். இப்ப அதே அம்மா மாசம் 500 ரூபா ஏத்திக் கேக்குறாங்க. பஸ்ஸும் ஃப்ரீ, அரிசியும் ஃப்ரீ, அப்புறம் எதுக்கு ஏத்தணும்? – ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்.

பதில்: சமாளிச்சோம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நான் அந்த வார்த்தையிலயே நின்னுட்டேன். நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்குற வார்த்தை. சாப்பாட்டு நேரத்துல திடீர்னு நாலு பேர் வந்துட்டா ரசத்துல தண்ணி ஊத்தி சமாளிக்கிறோம், மாசக் கடைசியில மளிகைக் கடை அண்ணாச்சிகிட்ட ஒண்ணாந்தேதி தரேன்னு சொல்லி சமாளிக்கிறோம், பண்டிகைக்கு பழைய பட்டுப்புடவைய பிரஸ் பண்ணிக் கட்டி சமாளிக்கிறோம். இதுல எதை வேணா எடுத்துப் பாருங்க, கையில ஏதோ ஒண்ணு முன்னாடியே இருக்கு. ரசம் இருந்தாத்தான் அதுல தண்ணி ஊத்த முடியும், அண்ணாச்சி நம்பினாத்தான் கடன் சொல்ல முடியும். ஒண்ணுமே இல்லாதவங்க அந்த ஆறு மாசம் பட்டது வேற. அதை சமாளிச்சதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

2020 ஏப்ரல் 24ந்தேதி திடீர்னு ஒரு அறிவிப்பு வந்துச்சே ஞாபகம் இருக்கா? சென்னை, கோவை, மதுரையில 26லேர்ந்து 29 வரைக்கும் நாலு நாள் முழு ஊரடங்கு, காய்கறிக் கடை கூட கிடையாதுன்னாங்க. மறுநாள் 25ந்தேதி கடைகள்ல நின்ன கூட்டத்தைப் பாத்து ஜனங்களுக்கு அறிவில்ல, பொறுப்பில்லன்னு எத்தனை பேர் திட்டினாங்க. எனக்கு அன்னிக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. நாலு நாளுக்கு சேர்த்து வாங்கி வெச்சுக்கணும்னா மொதல்ல நாலு நாள் காசு கையில வேணும், அப்புறம் வாங்கினதை வெக்க ஃபிரிட்ஜ் வேணும். அன்னாடம் கூலி வாங்குறவங்க வீட்டுல அன்னாடம்தான் சாமான் வாங்குவாங்க, காலையில பத்து ரூபா எண்ணெய் பாக்கெட், சாயந்தரம் கால் கிலோ தக்காளி. ஃபிரிட்ஜ் வெச்சிருக்கவங்க ஃபிரிட்ஜ் வெச்சிருக்கவங்களுக்காக போட்ட உத்தரவு அது, இதை நான் அப்பவும் எழுதினேன், இப்பவும் எழுதுறேன். அப்புறம் கோயம்பேட்டுல தொத்து பரவி மே 5ந்தேதி மார்க்கெட்டை மூடினப்போ மூட்டை தூக்குறவங்களை ஊரே சந்தேகமாப் பாத்துச்சு. நாம ரசம் வெக்க தக்காளி இறக்கிக் குடுத்தது அவங்கதான்.

எங்க ஆபீஸ் கூட்டுற அக்காவைப் பத்தி சொல்றேன். கண்ணகி நகர்ல இருக்காங்க, ஆத்தோர குடிசையிலேர்ந்து அங்க கொண்டுபோய் விட்ட குடும்பம். கண்ணகி நகர்னா நம்மள்ல பல பேருக்கு பஸ் போர்டுல மட்டும் பாத்த பேரு. ஆரம்பத்துல கட்டின வீடெல்லாம் 195 சதுர அடி, அதுக்குள்ள அஞ்சு பேரு, தண்ணிக்கு வெளிய வரிசை, அந்த வீட்டுக்குள்ளதான் தனிமைப்படுத்திக்கோங்க, 20 செகண்ட் ஓடுற தண்ணியில கை கழுவுங்கன்னு டிவியில சொன்னாங்க. அக்கா ராயப்பேட்டையில எங்க ஆபீஸையும் பக்கத்துல மூணு வீட்டையும் முடிச்சிட்டு மத்தியானம் திரும்புவாங்க, ஒரு வழிக்கே 15 கிலோமீட்டருக்கு மேல. மார்ச் 24 சாயந்தரம் 144 போட்டாங்க, ராத்திரி டெல்லியிலேர்ந்து 21 நாள் ஊரடங்கு, பஸ் நின்னுது. மாநகர பஸ் மறுபடி ஓடினது செப்டம்பர் 1ந்தேதி. அஞ்சு மாசத்துக்கு மேல. மூணு வீட்டுல ஒரு வீடு ஏப்ரல் சம்பளத்தை முழுசா அவங்க பையன் போனுக்கு ஜிபே பண்ணுச்சு, ஒரு வீடு பாதி, இன்னொரு வீடு வந்தப்புறம் பாத்துக்கலாம்னுச்சு. நாங்க ஏப்ரலுக்கு முழுசும் குடுத்தோம், மே மாசம் அச்சகம் மூடியிருக்கு விளம்பரம் இல்லன்னு பாதிதான் குடுத்தோம். அந்த மீதிப் பாதியை தீபாவளிக்குத்தான் குடுத்தேன், குடுக்கும்போது அவங்க முகத்தைப் பாக்க முடியல.

அவங்க தண்டல் அட்டைய ஒரு தடவை காட்டினாங்க. தண்டல் தெரியாதவங்களுக்கு சொல்றேன், 10,000 ரூபா கடன்னா கையில வர்றது 8,500, திருப்பிக் கட்ட வேண்டியது நாளைக்கு 100 ரூபாயா நூறு நாள். மஞ்சள் அட்டையில கட்டம் கட்டமா இருக்கும், கட்டினா ஒரு கையெழுத்து. அக்கா அட்டையில மார்ச் 23 வரைக்கும் வரிசையா கையெழுத்து, அதுக்கப்புறம் ரெண்டு வரிசைக்கு மேல வெறும் கட்டம். ஜூன்ல தண்டல்காரர் வந்து விட்டுப்போன நாளையெல்லாம் எண்ணி ஓரத்துல சிவப்பு பேனாவுல கூடுதலா ஒரு தொகை எழுதிட்டுப் போயிருக்காரு. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரைக்கும் கடன் தவணைய தள்ளிக் கட்டலாம்னு சொல்லுச்சு, வாஸ்தவம்தான், ஆனா அந்த மஞ்சள் அட்டை எந்த வங்கி கணக்குலயும் வராது. கம்மலை வெக்கலாம்னு போனா அடகுக்கடை பூட்டு. ரேஷன் கார்டுக்கு அரசு குடுத்த 1000 ரூபாயும் அரிசியும் பருப்பும் இல்லன்னா ஏப்ரலை தாண்டியிருக்க மாட்டோம்னு அக்காவே சொன்னாங்க, அதனால ஃப்ரீ அரிசின்னு நீங்க எழுதினதை கொஞ்சம் மரியாதையோட எழுதியிருக்கலாம்.

இன்னொண்ணு சொல்லணும். 2020 மார்ச் 29ந்தேதி மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டுச்சு, ஊரடங்கு காலத்துக்கு தொழிலாளிங்க சம்பளத்தைப் பிடிக்கக் கூடாதுன்னு. மே 18லேர்ந்து அதுவும் கிடையாதுன்னு ஆயிடுச்சு. இருந்த வரைக்குமாவது பாத்திரம் தேய்க்கிறவங்க யாரு அதைக் காட்டிக் கேட்டாங்க, கேட்டா அந்த வீட்டு வேலையே போயிடும். இத்தனைக்கும் தமிழ்நாட்டுல வீட்டு வேலைத் தொழிலாளர் நலவாரியம் 2007லயே வந்துடுச்சு, 2018ல வீட்டு வேலைக்கு மணிக் கணக்குல குறைந்தபட்ச கூலியும் அறிவிச்சாங்க. உங்க அபார்ட்மெண்ட்ல எத்தனை பேருக்கு இது தெரியும்னு அசோசியேஷன் கூட்டத்துல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. லிஃப்ட்ல யாரு ஏறலாம்னு நோட்டீஸ் ஒட்டுற அசோசியேஷன் இதையும் ஒட்டலாம்.

மெரினா உழைப்பாளர் சிலையைப் பத்தி நான் ஆரம்பிச்சாலே சில பேருக்கு கோவம் வருது, போன மே தினத்துக்கு எழுதினப்போ திட்டி வந்த கடிதங்களை இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்ச அருமையான சிலை, 1959லேர்ந்து நிக்குது, அந்தப் பக்கம் போறப்பெல்லாம் நின்னு பாக்குறவன் நான். ஆனா பாறைய நெம்புற நாலு பேரும் ஆம்பளைங்க. சிலைய மாத்துன்னு நான் சொல்லல, பக்கத்துல தொடப்பத்தோட ஒரு பொம்பளை நிக்கட்டும்னுதான் சொல்றேன், எத்தனை கடிதம் வந்தாலும் சொல்லுவேன். தொழிற்சங்கம்னா என்னன்னு நாட்டுக்கே காட்டின ஊரு இது. 1918ல பி.பி. வாடியா, திரு.வி.க. இவங்கல்லாம் நின்னு மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சது நம்ம பெரம்பூர் மில் தொழிலாளிங்களுக்காக. 1923ல சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினது நம்ம கடற்கரையில. அந்த திரு.வி.க. பேருல இருக்கிற மாநகராட்சி மண்டலத்துலயும் ராயபுரம் மண்டலத்துலயும் குப்பை அள்ளுற வேலைய தனியாருக்கு குடுக்கக் கூடாதுன்னு 2025 ஆகஸ்ட்ல தூய்மைப் பணியாளருங்க மாநகராட்சி தலைமை ஆபீஸான ரிப்பன் மாளிகை வாசல்ல 13 நாள் உக்காந்தாங்க, பாதிக்கு மேல பொம்பளைங்கன்னு போய்ப் பாத்தவங்களுக்குத் தெரியும். கோர்ட் உத்தரவைக் காட்டி ராத்திரியோட ராத்திரியா அப்புறப்படுத்தினாங்க. 2020ல நாம தட்டைத் தட்டினதும் பூ தூவினதும் இவங்களுக்குத்தான். கொரோனா வார்டு குப்பையை அள்ளின கை அது.

சரி, பஸ்ஸுக்கு வரேன். ஃப்ரீ பஸ்ஸை நான் வாயாரப் பாராட்டுறவன், 2021 மே 8லேர்ந்து பொம்பளைங்க சாதா கட்டண பஸ்ல காசில்லாம போறதுனால எத்தனையோ வீட்டுல அடுப்பு எரியுது. ஆனா அந்த பஸ் டிக்கெட் காசை மிச்சம் பண்ணிக் குடுத்தது அரசாங்கம், உங்க வீட்டு வேலைக்கு அவங்க வாங்குற கூலி உங்க கணக்கு. அரசாங்கம் குடுத்ததை உங்க சம்பளத்துல கழிக்கிறது எந்த நியாயத்துல வருதுன்னு எனக்குப் புரியல. எண்ணெய் விலை, கேஸ் விலை, பள்ளிக்கூட வேன் எல்லாம் உங்களுக்கு ஏறின மாதிரிதான் அவங்களுக்கும் ஏறியிருக்கு. அவங்க வராத ஆறு மாசம் உங்க வீட்டுல பாத்திரம் யாரு தேய்ச்சாங்க? நீங்கதான் தேய்ச்சிருப்பீங்க, அந்த முதுகுவலி உங்களுக்கும் தெரியும், அதனாலதான் உங்களை நம்பி இவ்வளவு நீளமா எழுதுறேன்.

500 குடுங்க அம்மா. இந்த மாசத்துலேர்ந்தே குடுங்க. வாரத்துல ஒரு நாள் லீவும் குடுங்க, சம்பளம் பிடிக்காம. அப்புறம் ஒரு நாள் காபி போட்டுக் குடுத்து உக்கார வெச்சு 2020 ஏப்ரல், மே மாசம் எப்படி ஓட்டினீங்கன்னு கேளுங்க. அவங்களுக்கு நீங்க அந்த ரெண்டு மாசம் சம்பளம் குடுத்தீங்களான்னு உங்க கேள்வியில இல்ல. குடுக்கலன்னா இப்பவும் குடுக்கலாம், நான் தீபாவளிக்குக் குடுத்த மாதிரி லேட்டானாலும் பரவாயில்ல. குடுத்ததும் எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்க, ஆபீஸ் அட்ரஸ் மாறல.