4800 வர வேண்டிய இடத்தில் 4788: மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: வணக்கமுங்க. எங்களுக்குப் பல்லடம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுறாருங்க. நான் தறி குடோனை ஒட்டின ரூமில் கம்ப்யூட்டர் வைத்து, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு டிசைன்களை முப்பரிமாணப் படமாக ரெண்டர் செய்து கொடுக்கிறேன். மல்டிப்ளையர்ங்கிற பெருக்கல் எண்ணை 48-ல் வைத்துப் பிராசஸரை ஓவர்க்ளாக் செய்தேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டேன். 4800 மெகாஹெர்ட்ஸ் வரணும், 4788-தான் காட்டுதுங்க. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண் நொடிக்கு நொடி மாறுது. வோல்டேஜை 1.25-லிருந்து 1.35-க்கு ஏத்தியும் நகரலை. ரெண்டர் ஓடும்போது 4588-க்கு இறங்கி அங்கேயே நிக்குது, சூடு 84 டிகிரி. சும்மா இருக்கும்போது 798. கரண்ட் ஏத்த இறக்கம்தான் காரணம்னு அப்பா சொல்றாரு. கடையில் மதர்போர்டு போச்சு, 18,000 ரூபாய் ஆகும்கறாங்க. என்ன செய்யட்டுங்க?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பல்லடம்

பதில்: மதர்போர்டு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரைக்குள் போய் அந்த வோல்டேஜை இன்றைக்கே பழையபடி 1.25-க்கு இறக்கிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அது ஒன்றுதான்.

நீங்கள் எழுதிய மூன்று எண்களையும் ஒரு காகிதத்தில் வகுத்துப் பாருங்கள். 4788-ஐ 48-ஆல் வகுத்தால் 99.75. சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சமாகட்டும் என்று பிராசஸர் 8 மல்டிப்ளையருக்கு இறங்கும்; 798-ஐ 8-ஆல் வகுத்தாலும் அதே 99.75. ரெண்டர் நேரத்து 4588-ஐ 46-ஆல் வகுத்தால் 99.75-ஐ ஒட்டித்தான் வரும். மூன்று நிலையிலும் அடி எண் ஒன்றே. பழுதான போர்டு இவ்வளவு ஒழுங்காகக் கணக்குக் காட்டாது.

இந்த அடி எண்ணுக்குப் பேஸ் கிளாக் என்று பெயர். பெயரளவில் 100 மெகாஹெர்ட்ஸ். பிராசஸரின் வேகம் என்பது இதை மல்டிப்ளையரால் பெருக்கி வருவது. 100 ஏன் 99.75 ஆனது? மதர்போர்டில் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. கடிகாரத் துடிப்பு எப்போதும் ஒரே அதிர்வெண்ணில் நின்றால், அதிலிருந்து கிளம்பும் மின்காந்த இரைச்சல் முழுவதும் அந்த ஒரே புள்ளியில் குவிந்து ரேடியோ போன்ற மற்ற கருவிகளுக்குத் தொந்தரவாகும். அதனால் துடிப்பை வேண்டுமென்றே வழக்கமாக 100-க்கும் 99.5-க்கும் இடையில் நொடிக்குச் சுமார் 30,000 தடவை இறக்கி ஏற்றுகிறார்கள். சராசரி 99.75. குவித்து வைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பினால் மஞ்சள் குறைவதில்லை, குவியலின் உயரம்தான் குறைகிறது. இரைச்சலுக்கும் அதேதான் நடக்கிறது.

பயாஸில் அதை அணைத்துவிட்டால் 4800-ஐ ஒட்டி வந்துவிடும். அதனால் மிச்சமாவது என்ன? ஒரு மணி நேர ரெண்டரில் சுமார் 9 நொடி. நானாக இருந்தால் தொடமாட்டேன்.

புள்ளிக்குப் பின்னால் ஆடும் எண்ணில் ஒரு பகுதி, அளக்கிற முறையால் வருவது. சிபியு-இசட் போன்ற நிரல்கள் ஒரு சிறு நேர இடைவெளியில் எத்தனை துடிப்பு ஓடியது என்று எண்ணி வகுத்துத்தான் வேகத்தைச் சொல்கின்றன. நடுவில் விண்டோஸ் வேறு வேலைக்குத் திரும்பினால் கணக்கு ஒரு மயிரிழை தப்பும். நேரம் காட்டும் குவார்ட்ஸ் படிகமும் சூட்டுக்குத் தகுந்தபடி லேசாக மாறும். பத்து லட்சத்தில் 50 பங்கு மாறினாலே உங்கள் திரையில் 0.24 மெகாஹெர்ட்ஸ் நகரும்.

அப்பா சொன்னதையும் பார்த்துவிடலாம். தறி மோட்டாரோடு பழகினவருக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம். நம் மின்கட்டமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்பதே 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பதுதான் விதி. அதோடு சேர்ந்து தறியின் வேகமும் துளி மாறும். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டி, வருகிற மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றித்தான் உள்ளே விடுகிறது. துடிப்பு பிறப்பது போர்டில் இருக்கும் படிகத்திலிருந்து. இதற்காக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

4588 வேறு கதை. ரெண்டர் மென்பொருள்கள் ஏவிஎக்ஸ் என்ற கனமான கட்டளைகளைப் பயன்படுத்துகின்றன. அவை ஓடும்போது சூடு ஏறும் என்பதால் மல்டிப்ளையரைச் சில படி குறைக்க பயாஸில் ஏவிஎக்ஸ் ஆஃப்செட் உண்டு. சரியாக 2 படி இறங்கி அங்கேயே நிற்கிறது என்றால் உங்கள் போர்டில் அது 2 என்று இருக்க வேண்டும், திறந்து பாருங்கள். சூடு தாங்காமல் வேகம் குறைந்தால் இப்படி ஒரே இடத்தில் நிற்காது. வெப்பம் 100 டிகிரியை ஒட்டும், மல்டிப்ளையர் 47, 44, 46 என்று அலையும்.

இப்போது அந்த வோல்டேஜ். அடி எண்ணையும் மல்டிப்ளையரையும் அது மாற்றாது. ஏற்றினாலும் 4788 அப்படியேதான் இருக்கும். ஆனால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.25-லிருந்து 1.35 என்றால் அதே வேகத்துக்குச் சுமார் 17 சதவீதம் கூடுதல் மின்சாரத்தைச் சூடாக்கி வெளியே விடுகிறீர்கள். நானும் முதல் ஓவர்க்ளாக்கில் இதையே செய்தேன், ஒரு சித்திரை மாதம் முழுக்க. வராத 12 மெகாஹெர்ட்ஸுக்காகப் பிராசஸரின் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

அதைவிட முக்கியம், நீங்கள் இருப்பது தறி குடோனுக்குப் பக்கத்தில். பறக்கிற பஞ்சு, பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே போய்க் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது; ஃபேனைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்து, ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதுங்கள். நீங்கள் இருக்கும் இடத்துக்கு வாரம் ஒரு தடவை அவசியம். பஞ்சை எடுத்து வோல்டேஜையும் இறக்கிய பிறகு அந்த 84 எவ்வளவு குறைகிறது என்று எழுதி வையுங்கள்.

1.25-ல் 48 நிலையாக நிற்கிறதா என்று ஓசிசிடி என்ற சோதனை நிரலை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். முடிந்ததும் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ என்ற பெயரில் வன்பொருள் பிழை ஏதும் பதிவாகி இருந்தால் மல்டிப்ளையரை 47-க்கு இறக்குங்கள், வோல்டேஜை ஏற்றாதீர்கள். அடி எண்ணே 97, 95 என்று இறங்கினால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்; அப்போது போர்டைச் சந்தேகப்படலாம்.