டிபிஎம் சிப் என்றால் என்ன? விண்டோஸ் 11 ஏன் அதைக் கேட்கிறது?

டிபிஎம் என்பது மதர்போர்டில் இருக்கும் சின்ன பாதுகாப்புச் சிப். சில கம்ப்யூட்டர்களில் பிராசசருக்குள்ளேயே இருக்கும். தகவலைப் பூட்டித் திறக்க உதவும் ரகசியச் சாவிகளை (டிஜிட்டல் குறியீடுகளை) உருவாக்கிக் காப்பது இதன் வேலை.

இதற்குத் தனிச் சிப் எதற்கு? சாவி சாதாரண ஃபைலாக டிஸ்க்கில் கிடந்தால், உள்ளே புகுந்த வைரஸ் அதை நகலெடுத்துவிடும். சார்பதிவாளர் அலுவலக முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரம்தான் உள்ளே போய் முத்திரையோடு திரும்பும். முத்திரை வாசலைத் தாண்டாது. டிபிஎம்மில் உருவாகும் சாவியும் அப்படித்தான்.

அப்புறம், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது என்னென்ன மென்பொருள் ஏறுகிறது என்பதையும் இது பதிந்துகொள்ளும். இடையில் யாராவது கைவைத்திருந்தால் பதிவு பொருந்தாது. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் வசதியான பிட்லாக்கர், டிஸ்க்கைத் திறக்காமல் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். (அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறீர்களா?) விண்டோஸ் 11 டிபிஎம்மைக் கட்டாயமாக்கியது இந்த மாதிரிப் பாதுகாப்புக்காகத்தான். பழைய கம்ப்யூட்டர் என்றால் முதலில் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) பாருங்கள், பல நேரம் டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

2003-இல் உருவான டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் என்ற கூட்டமைப்பு இதன் விதிகளை வகுக்கிறது. டிபிஎம் 2.0, 2015-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. அதனால் யார் செய்த சிப்பானாலும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் வேலை செய்யும்.

பலர் நினைப்பதுபோல் இது ஆன்டிவைரஸ் அல்ல. போலித் தளத்தில் நீங்களே பாஸ்வேர்டைக் கொடுத்தால் டிபிஎம் தடுக்காது.