மூழ்கியவரின் வயிற்றை அமுக்கலாமா?

கேள்வி: கடலில் மூழ்கியவரைத் தூக்கி வந்ததும் தலைகீழாகப் பிடித்து, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சரிதானா சிஸ்டர்?
- ஒரு வாசகி, தொண்டி

பதில்: வேண்டாம்மா, யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். அமுக்கினால் வயிற்றில் இருக்கிற தண்ணீரும் சோறும் மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கும். அவருக்கு உடனே வேண்டியது காற்று.

மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா என்று 10 விநாடிக்குள் பாருங்கள். எப்போதாவது ஒரு திணறல் வந்தால் அது மூச்சில்லை. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சில்லை என்றால் நீங்கள் அவர் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுங்கள். நெஞ்சு எழும்ப வேண்டும். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், துடைத்து நேரத்தைப் போக்காதீர்கள்.

அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். பாம்பன் பக்கம் படகுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அலை நனைத்து இறுகிய மணலில்தான் பயிற்சிப் பொம்மையைக் கிடத்துவேன். பொதபொத மணலில் உடம்புதான் புதையும், நெஞ்சு அமுங்காது. நாட்டுப்படகு என்றால் பலகை மேலேயே தொடங்கிவிடலாம், கரை வரும்வரை காத்திருக்கக் கூடாது.

30-க்கு 2 என்று ஆள் மாற்றி ஆள் தொடருங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் சரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம்.