சேலத்தில் விஸ்காம் படித்தால் போட்ட காசுக்கு வேலை கிடைக்குமா?

பிளஸ் டூ முடித்த மகளை விஸ்காமில், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் டிகிரியில் சேர்க்கலாமா, சேலத்திலேயே படித்தால் போதுமா, சென்னைக்கோ கோவைக்கோ அனுப்பினால்தான் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே கல்யாண மண்டபம், கல்லூரி ஆடிட்டோரியம், ஏற்காடு ஹோட்டல்களின் மீட்டிங் ஹால் என்று சவுண்டும் பெரிய எல்இடி திரையும் போட்டுக் கொடுக்கிற தொழிலில் இருக்கிறேன். அதனால் ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்துதான் பேச முடியும்.

முதலில் மகளுக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள். கேமரா, எடிட்டிங் என்றால் விஸ்காம் சரி. மிக்சர், ஆம்ப், புரொஜெக்டர், ஐடி கம்பெனிகளின் வீடியோ கான்பரன்ஸ் அறை, இவற்றை மாட்டி ஓட்டுகிற வேலை என்றால் விஸ்காம் சுற்றுவழி, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோதான் நேர்வழி. பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம், இரண்டே வருடத்தில் முடிந்துவிடும். அரசு பாலிடெக்னிக் கட்டணம் தனியார் விஸ்காமின் ஒரு செமஸ்டர் பணத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

விஸ்காம் செலவை எல்லோரும் ஆறு செமஸ்டர் ஃபீஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் கேமராவும் எடிட்டிங் தாங்குகிற லேப்டாப்பும் சேர்ந்தாலே ஒன்றரை லட்சத்தைத் தொடும், வெளியூர் என்றால் ஹாஸ்டல் வேறு. அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஸ்டுடியோவைத் திறந்து காட்டச் சொல்வதோடு விடாதீர்கள், ஒரு கேமராவுக்கு எத்தனை பேர், வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்களா என்று கடைசி வருடப் பிள்ளைகளிடமே கேளுங்கள். கேமராவைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் கல்லூரிக்கு நீங்கள் கட்டுகிற பணம் சர்டிபிகேட்டுக்கு மட்டும்தான்.

குறைந்த செலவில் நல்ல படிப்பு வேண்டும் என்றால் தரமணியில் இருக்கும் அரசு எம்ஜிஆர் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்துக்கு முயற்சி செய்யுங்கள். நான்கு வருடப் படிப்பு, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று தனித்தனிப் பிரிவு. இடங்கள் கொஞ்சம்தான், போட்டி கடுமை.

ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டி, சேலமே சினிமா ஊர்தானே என்பார்கள். அது அந்தக் காலம். இன்று இங்கே படித்துவிட்டு இங்கேயே இருந்தால் கல்யாண வீடியோ, நகைக்கடை ஜவுளிக்கடை விளம்பரம், யூடியூப் சேனல், இவ்வளவுதான். கேவலமான வேலை இல்லை, ஆனால் முகூர்த்த மாதத்தில் தூக்கம் இருக்காது, ஆடியில் வருமானம் இருக்காது. மாதச் சம்பளம் வேண்டும் என்பவர்கள் பெங்களூருக்கோ சென்னைக்கோதான் போகிறார்கள்.

என்னிடம் வேலை கேட்டு வருபவரிடம் மார்க்‌ஷீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மைக் கேபிளையும் சால்டரிங் அயர்னையும் கொடுப்பேன். எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று பின் மைக் கனெக்டரில் 1 எர்த், 2 ஹாட் (நேர் சிக்னல்), 3 கோல்ட் (அதே சிக்னல் தலைகீழாக). ஒரு முனையில் 2, 3 மாறிப்போனால் அந்த மைக்கைத் தனியாகப் போடும்போது எதுவும் தெரியாது, பக்கத்தில் இன்னொரு மைக்கையும் திறந்து ஒருவர் பேசினால் குரல் மெலிந்துபோகும். இதைக் காதால் கண்டுபிடிக்கிற டிப்ளமோ பிள்ளையைக் கையோடு எடுத்துக்கொள்வேன், டிகிரியெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, சவுண்டைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிளில் அனுப்புகிற டான்டே முறைக்கான பயிற்சியை ஆடினேட் கம்பெனி இணையத்தில் இலவசமாகவே தருகிறது, தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கலாம். படிக்கும்போதே முடித்துவிடச் சொல்லுங்கள். ஆடியோ-வீடியோ தொழிலின் சர்வதேச சங்கமான அவிக்சா தருகிற சிடிஎஸ் என்ற டெக்னீஷியன் சான்றிதழுக்குப் பெரிய கம்பெனிகளில் மதிப்பு உண்டு, ஆனால் கட்டணம் டாலரில், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். வேலையில் சேர்ந்தபிறகு கம்பெனி செலவில் எழுதிக்கொள்ளலாம், இப்போது உங்கள் கைக்காசைப் போடாதீர்கள்.