பாத் ஊர் சர்ச்சும் தரங்கம்பாடி அச்சு மிஷினும்

அண்ணாச்சி,
நார்த் கரோலினால அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப பாத்னு ஒரு குட்டி ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க செயின்ட் தாமஸ் எபிஸ்கோபல் சர்ச், 1734ல கட்டினதாம். சின்ன செங்கல் கட்டடம், கொஞ்ச பேர்தான் வந்தாங்க. ஆராதனை நம்ம சிஎஸ்ஐ மாதிரியே இருக்கு, பேர் மட்டும் வேற. இதுல என்ன விசேஷம்?
– பாளையங்கோட்டை வாசகர்

தம்பி,
ஒரே மாதிரி இருக்கத்தான் செய்யும், ரெண்டுக்கும் வேர் இங்கிலாந்து சபைலதான் இருக்கு. இங்கிலாந்துல பிஷப் ஆகணும்னா ராஜாவுக்கு பிரமாணம் எடுக்கணும், சுதந்திரம் வாங்கின அமெரிக்காக்காரங்க அத எடுக்க முடியாதுல்ல, அதனால சாமுவேல் சீபரிங்கிற அமெரிக்க பாதிரியார் 1784ல ஸ்காட்லாந்து போய் பிஷப் பட்டம் வாங்கிட்டு வந்தார். எபிஸ்கோபல்னா பிஷப் உள்ள சபை, நம்ம தாத்தாமார் அத்தியட்சர்னு சொல்வாங்களே, அவரேதான்.

எனக்கு பாத்ல பெருசா படறது கட்டடம் இல்ல. அங்க சர்ச் எழும்பறதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே புத்தகம் வந்துருச்சு. தாமஸ் ப்ரேங்கிற பாதிரியார் லண்டன்லேர்ந்து ஆயிரத்துக்கு மேல புத்தகமும் சிறுநூலும் அனுப்பி வச்சார், அந்த காலனிக்கு அதான் முதல் பொது நூலகம், 1715ல அத பாதுகாக்கன்னே தனிச் சட்டம் போட்ருக்காங்க. இதே ப்ரே 1698ல நாலு நண்பர்களோட தொடங்கினதுதான் எஸ்.பி.சி.கே.ங்கிற கிறிஸ்தவ அறிவு பரப்பற சங்கம். தரங்கம்பாடில ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்கு அச்சு மிஷின் அனுப்பினதும் அவங்கதான் தம்பி! வர்ற வழியில பிரெஞ்சுக்காரங்க கப்பலையே பிடிச்சும் ஒருவழியா 1712ல மிஷின் வந்து சேர்ந்துச்சு, அப்புறம் ஜெர்மனி ஹாலேலேர்ந்து தமிழ் எழுத்தும் வந்து, 1715ல புதிய ஏற்பாடு அச்சாகி முடிஞ்சது. சீகன்பால்கு லுத்தரன் சபை, எஸ்.பி.சி.கே.காரங்க ஆங்கிலிகன், அதாவது இங்கிலாந்து சபை, அதெல்லாம் பாக்காம குடுத்துருக்காங்க. பாத்ல நீங்க நின்னது ஏதோ அந்நிய ஊர் சர்ச்ல இல்ல.

கூட்டம் கம்மின்னு எழுதிருக்கீங்க. சின்ன ஊர் எபிஸ்கோபல் சபைய ஆள் எண்ணிப் பாத்தா பிடிபடாது. வெஸ்ட்ரின்னு சபைய நிர்வாகம் பண்ற குழு ஒண்ணு உண்டு, நம்ம சேகர கமிட்டி மாதிரி, ஆனா நம்ம பக்கம் ஐயர, அதாவது பாதிரியார, மாத்தறது டயோசிஸ்ங்கிற பிஷப்போட நிர்வாகம், அங்க வெஸ்ட்ரியே தேடி, பேசி, ஐயர கூப்பிட்டுக்கும். காலனி காலத்துல வரி வசூல் பண்ணி ஏழைபாழைகள பாத்துக்கறதும் அவங்க பொறுப்புதான்.

வேற ஒரு சின்ன ஊர்ல நான் பின் பெஞ்சில முழிச்சிட்டு உக்காந்திருந்தப்ப, பக்கத்துல இருந்த பாட்டி ஒண்ணும் பேசாம சிவப்பு அட்டை ஜெபப்புத்தகத்த 355ஆம் பக்கம் திறந்து, வரி மேல விரல் வச்சு என் கைல குடுத்தாங்க. பக்கம் மாறும்போதெல்லாம் அந்த விரல் வந்துரும். முடிஞ்சதும் ஹால்ல காபி, ஆளுக்கொரு பாத்திரத்துல கொண்டு வந்த சாப்பாடு, நம்ம சர்ச் அசன விருந்துல பந்தி விசாரிக்கற மாதிரியே "இன்னும் கொஞ்சம் வைங்க"ன்னு ஒரே உபசரிப்பு.

அக்காகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவ போனா ஆசீர்வாதம் முடிஞ்சதும் கார எடுக்க வேண்டாம், காபி குடிச்சிட்டு, அந்த புத்தகங்களப் பத்தியும் அங்க உள்ளவங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க.