கேளுங்கோ, சொல்லுறம்: பூஞ்சணத்துக்குப் பயந்த தலைவி

கேள்வி: கேட் வின்ஸ்லெட் நடிச்ச ‘த ரெஜீம்’ பாக்கலாமோ, இல்லாட்டி வெறும் அரசியல் அலட்டலோ?
- வாசகி, கோண்டாவில்

பதில்: தாராளமாப் பாருங்கோ தங்கச்சி. 2024இல வந்த, எச்.பி.ஓ. எண்ட அமெரிக்க ரிவி நிறுவனத்தின்ர தொடர், மொத்தமே 6 எபிசோட். மத்திய ஐரோப்பாவில ஒரு கற்பனை நாடு, அதின்ர சான்சலர், அதாவது ஆட்சித் தலைவி, எலேனா (வின்ஸ்லெட்தான்) மாளிகை முழுக்கப் பூஞ்சணம் எண்டு பயந்து, ஈரப்பதன் அளக்க ஒரு ஆமிக்காரனை மீட்டரோட கூடவே கொண்டு திரியிறா, செத்த தகப்பனைக் கண்ணாடிப் பெட்டிக்க வச்சு அவரோட கதைக்கிறா, உது விசர் எண்டு சொல்ல மந்திரிமாருக்கு வாய் வராது, சொன்னாக் கதிரை போயிடுமே! கதை நடுவில தடுமாறுது, உண்மைதான். ஆனா வின்ஸ்லெட் வாயைக் கோணிக்கொண்டு கதைக்கிற கதையே காணும். சின்னப் பிள்ளையளை வச்சுக்கொண்டு மட்டும் போட்டிடாதேங்கோ.