ஆட்டம், இழுப்பு, கிரீச் சத்தம்: ஜீப் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மழை விட்டதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பதிலுக்குப் போகும் முன் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி வண்டியைத் தூக்க மட்டும்தான், தாங்க அல்ல. சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) அடியில் ஸ்டாண்ட் வைக்காமல் தலையை உள்ளே விடாதீர்கள். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல்லை வைக்காதீர்கள். அது சொல்லிக்கொண்டு உடையாது.

பழைய மஹிந்திரா மேஜர். ஸ்டியரிங்கைக் கால் சுற்று சுற்றினால்தான் சக்கரம் அசைகிறது. ஸ்டியரிங் பாக்ஸ் மேலே இருக்கும் ஸ்க்ரூவை முடுக்கினால் சரியாகும் என்கிறார்கள். நானே செய்யலாமா? (காசிமேடு)

இப்போதைக்கு அந்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் முன்பக்கம் குனிந்து ஒவ்வொரு ஜாயிண்டையும் உள்ளங்கையால் பொத்திப் பிடியுங்கள். ஒரு பக்க ராடு அசைந்த பிறகு அடுத்தது தாமதமாக அசைந்தால் கோளாறு அங்கேதான். 'டக்' என்று கைக்கே தெரியும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் இதையே இன்ஜின் ஓடும்போது செய்ய வேண்டும், விரல் சிக்காத இடத்தில் பிடித்து.

அப்புறம் பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். பழைய ஜீப்பில் போல்ட் தளர்ந்து பாக்ஸே அசைவதும், அந்த இடத்துச் சேஸிஸ் தகடு விரிசல் விடுவதும் உண்டு. இத்தனையும் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் ஆட்டம் மிஞ்சினால்தான் ஸ்க்ரூ. அதையும் தெரிந்தவர் கையில் கொடுங்கள். நேராக ஓட்டும் நிலையில்தான் உள்ளே அதிகம் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்துக்கு முடுக்கினால், திருப்பத்தில் தேயாத பகுதி இறுகிப் பிடித்து, ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. இவ்வளவு வயதான வண்டியில் வளையத்தின் ஓரத்தில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் ஆட்டம் சகஜம். கால் சுற்று சகஜமே இல்லை. சரிசெய்யும் வரை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.

பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்று மட்டும் ஆயில் கசிகிறது. ஒன்றை மாற்றினால் போதுமா? (பெரம்பூர்)

போதாது. ஒரே அச்சில் உள்ள இரண்டையும் மாற்றுங்கள்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்குது சார். என்ன பிரச்சினை?

என்ன வண்டி, எந்தப் பக்கம் இழுக்கிறது, ஓடும்போதா, பிரேக் அடிக்கும்போதா? ஒன்றும் எழுதவில்லை. டாக்டருக்கு 'வலிக்குது' என்று மட்டும் எழுதிப் போட்டால் அவர் என்ன மருந்து தருவார்? பொதுவாகச் சொல்கிறேன். முதலில் காற்று, நான்கிலும் அளந்து பாருங்கள். அடுத்து முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு வீல் ஹப்புக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. இது எதுவும் இல்லையென்றால் அலைன்மெண்ட். அடுத்த முறை வண்டிப் பெயரையாவது எழுதுங்கள்.

ஜிப்ஸியில் டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் ராடின் நுனி ஜாயிண்ட்) தேய்ந்துவிட்டது. நானே மாற்ற ஆசை. எங்கே தவறு நடக்கும்? (திருவொற்றியூர்)

நல்ல கேள்வி. ஆரம்பக்காரர் தைரியமாகச் செய்யக்கூடிய வேலைதான். தவறு நடப்பது மூன்று இடத்தில். முதலாவது, பழையதைக் கழற்றும் முன் அளவு எடுக்காமல் விடுவது. லாக் நட்டைத் தளர்த்துவதற்கு முன்பே வெளியே தெரியும் மரையை எண்ணி எழுதிவையுங்கள், அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடும் போடுங்கள். ஒரு பக்க எண்டில் இடமரை (வழக்கத்துக்கு எதிராகத் திரும்பும் மரை) இருக்கும்; தவறான பக்கம் முறுக்கி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, சுத்தியலை எங்கே அடிப்பது என்பது. பால் ஜாயிண்டின் மரைத் தலையில் அடித்தால் மரை நசுங்குமே தவிர ஜாயிண்ட் வெளியே வராது. நட்டை முழுதும் எடுக்காமல் ரெண்டு மூணு சுற்று விட்டுவையுங்கள். பிறகு ஜாயிண்ட் உட்கார்ந்திருக்கும் நக்கிள் கையின் (சக்கரத்தைத் திருப்பும் கையின்) கண் பகுதியில், பக்கவாட்டில், ஒரு பெரிய சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி. டேப்பர் (கூம்பாக இறுகிய பிடி) விட்டுக்கொடுக்கும். ஜாயிண்டை இழுத்து எடுக்கும் புல்லர் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, நட்டு கழலாமல் அதன் பள்ளத்தில் குறுக்கே செருகும் காட்டர் பின். நட்டைச் சொன்ன அளவுக்கு முடுக்கிய பிறகு ஓட்டை நேர் வராவிட்டால், இன்னும் கொஞ்சம் முடுக்கி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னுக்காக நட்டைத் தளர்த்தவே கூடாது. கழற்றிய பின்னைத் திரும்பப் போடக் கூடாது. கம்பித் துண்டை வளைத்துச் செருகவும் கூடாது. பின்னுக்கு ஆகும் செலவு ஒரு டீக் காசுகூட இல்லை. அது இல்லாமல் நட்டு கழன்றால் ஒரு சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. வேலை முடிந்ததும் நேரே அலைன்மெண்ட் கடைக்கு, மெதுவாக.

மஹிந்திரா தார், 2016. பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்கின்) ரப்பர் புஷ் மாற்றி மூன்றே மாதத்தில் கிழிந்துவிட்டது. டூப்ளிகேட் சாமானா? (வியாசர்பாடி)

இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது போல்ட்டை முடுக்கிய விதத்தை. சேஸிஸை ஸ்டாண்டில் வைத்து, அச்சு தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். அந்த நிலையில் இறுகிய ரப்பர், வண்டி தரையில் இறங்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும். நிறுத்தி வைத்த வண்டியிலும் அந்த முறுக்கு விடாது. அதற்கு மேல் பள்ளமும் சேர்ந்தால் எந்தக் கம்பெனி ரப்பரும் கிழியும். புஷ்ஷைப் போட்டு, போல்ட்டைக் கையால் மட்டும் பிடித்துவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி நாலு முறை அமுக்கி ஆட்டுங்கள். பிறகு அந்த நிலையில் இறுக்குங்கள். ரப்பர் புஷ் எங்கிருந்தாலும் இதே விதி.

பட்டை புதிதாகப் போட்டேன். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைத் திரும்ப முடுக்க வேண்டுமா? (மீஞ்சூர்)

ஐந்நூறு கிலோமீட்டரில் ஒருமுறை, கட்டாயம். பழைய யூ போல்ட்டையே திருப்பிப் போட்டிருந்தால், புதுசு வாங்கி மாற்றிவிட்டு முடுக்குங்கள். யூ போல்ட் தளர்ந்தால், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சே நகரும்.

வண்டி கடலோரம் நிற்பதால், துருப் பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை அடியில் வேஸ்ட் ஆயில் அடிக்கச் சொல்கிறேன். பட்டை கிரீச் சத்தத்துக்கும் நல்லது என்றார்கள். ஆனால் இப்போது பின்பக்கம் 'டொக் டொக்' என்கிறது. ஏன்? (எர்ணாவூர்)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் வாட்டர் சர்வீஸ் கடைகளில் ஸ்ப்ரே கன்னும் கறுப்பு ஆயில் டின்னும் அப்படியேதான் இருக்கின்றன.

ரப்பர் ஆயிலைக் குடிக்கும். சஸ்பென்ஷன் புஷ் பெரும்பாலும் இயற்கை ரப்பரில் செய்தது. மினரல் ஆயில் பட்டால் ஊதி, மெத்தென்றாகி, பிறகு பிய்ந்து வரும். உங்கள் ஷாக்கிள் (பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) புஷ்ஷின் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். நல்ல ரப்பர் நகத்தைத் தள்ளும். ஆயில் குடித்தது கறுப்பாக விரலில் ஒட்டிக்கொண்டு வரும். 'டொக் டொக்' என்பது அந்தப் புஷ் போன இடத்தில் இரும்பும் இரும்பும் மோதும் சத்தம்.

அதோடு நிற்காது. ஆயில் பட்ட பட்டையில் எண்ணூர் விரைவுச் சாலையின் தூசியும் கடல் மணலும் ஒட்டி, இரண்டு பட்டைக்கு நடுவே அரைத்துக்கொண்டே இருக்கும். உப்பைக் கழுவாமல் மேலே ஆயில் அடித்தால் உப்பும் ஈரமும் அடியில் அடைபட்டு, துரு வெளியே தெரியாமல் உள்ளே தின்னும். பின் டிரம்முக்குள் ஆயில் போய் பிரேக் ஷூவில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. மேலும் அது சாதாரண ஆயில் இல்லை. இன்ஜினில் வெந்து, அமிலமும் உலோகத் தூளும் சேர்ந்த கழிவு. அடுத்த மழையில் அது கால்வாய்க்கும், அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கும்தான் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் ஒட்டியதைப் பார்த்த ஊர் நம் ஊர். நாம் நம் பங்குக்கு மாதாமாதம் ஊற்றுவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

என்ன செய்யலாம்? மணலில் ஓட்டிவிட்டு வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது எல்லோருக்கும் தெரிந்த கதை. கரையோரம் பல இடங்களில் போர் தண்ணீர் கரிக்கிறது. வாட்டர் சர்வீஸில் விடுவதற்கு முன் அவர்கள் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கழுவியதும் நன்றாகக் காயவிடுங்கள். துரு தெரியும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவுக்கான பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட். ரப்பருக்கு சிலிகான் ஸ்ப்ரே மட்டும். பட்டை கிரீச்சிட்டால் பட்டறையில் செட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, கிராஃபைட் கிரீஸை மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள். அதை வீட்டில் செய்யாதீர்கள். சென்டர் போல்ட்டைக் கழற்றியதும் பட்டைகள் விருட்டென்று விரியும்.

உங்களுக்கு இப்போதைய வேலை: அடிப்பக்கம் முழுதும் சோப்பு நீரில் ஆயில் போகக் கழுவி, இரண்டு பக்கமும் பட்டைக் கண் புஷ், ஷாக்கிள் புஷ் மாற்றி, டிரம்மைத் திறந்து ஷூவைப் பார்ப்பது. ஆயில் ஏறிய ஷூவைத் தேய்த்துப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

ஜிம்னி. 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடுகிறது. ஸ்டியரிங் டேம்பர் மாற்றினால் நிற்குமா? (மணலி)

கொஞ்ச நாள் நிற்கும், பிறகு முன்னைவிட மோசமாக வரும். டேம்பர் ஆட்டத்தை அமுக்கிவைக்கிறது. ஆட்டம் பிறக்கும் இடம் வேறு. முன்னால் ஒரே அச்சாக இருக்கும் வண்டிகளில் ஒரு ஜாயிண்ட் தளர்ந்தாலும் இது வரும். செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். கைப்பிடிச் சேறு போதும் பேலன்ஸைக் கெடுக்க. அடுத்து டயர் காற்று, வீல் பேலன்சிங். பிறகு முன் அச்சைச் சேஸிஸோடு குறுக்கே பிடிக்கும் பன்ஹார்ட் ராடின் புஷ்ஷும் போல்ட்டும், டை ராட் எண்டுகள், கடைசியாகக் கிங் பின் (சக்கரம் இடவலம் திரும்பும் ஆணி) பேரிங்கும் வீல் பேரிங்கும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் ஆட்டம் தெரியும். தூக்கியதும் ஸ்டாண்ட், மறக்காதீர்கள்.

ஓடும்போது ஆட்டம் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை விட்டு, வளையத்தை உறுதியாகப் பிடித்து வேகம் குறையும்வரை நேராகப் போங்கள். பின்னால் கன்டெய்னர் டிரெய்லர் வரும் சாலை அது. ஓரம் கட்டும் முன் கண்ணாடியைப் பாருங்கள்.

உயரம் கூட்ட நீளமான ஷாக்கிள் போடலாமா? (மாதவரம்)

இரண்டு அங்குலம் நீளம் கூட்டினால் உயரம் ஓர் அங்குலம்தான் கிடைக்கும். அதற்கு விலையாக அச்சின் கோணம் மாறி, ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையும். கம்பெனி அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவில் சிக்கல், இன்சூரன்ஸிலும் சிக்கல். போடாதீர்கள்.

பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்தது. கையில் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா? (வண்ணாரப்பேட்டை)

இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்ப், பாக்ஸ் இரண்டின் சீலும் கெடும். டோ பண்ணிக் கொண்டுபோய் முழுதும் வடித்து, புது ஆயிலால் அலசச் சொல்லுங்கள். எந்த ஆயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும்.

பிட்மன் ஆர்மில் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து ராடை அசைக்கும் கையில்) மயிரிழை விரிசல். நல்ல வெல்டர் இருக்கிறார். ஒட்டிக்கொள்ளலாமா? (கொருக்குப்பேட்டை)

கூடாது. ஸ்டியரிங்கில் உள்ள எந்தப் பாகத்திலும் வெல்டிங், சூடு காட்டி நிமிர்த்துவது, இரண்டும் கூடாது. அந்தச் சூட்டில் இரும்பின் பதம் போய்விடும். அடுத்த விரிசல் வெல்டுக்குப் பக்கத்திலேயே விடும். புதுப்பேட்டையில் பழையது வாங்குவதாக இருந்தாலும், டீசலில் கழுவி, வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசலோ வெல்டிங் தழும்போ இல்லை என்று உறுதியான பிறகே காசு கொடுங்கள்.